இரண்டாவது கடிதம்

சனிக்கிழமைகளில் ஈஸ்ட்ஹாமில் ஒரு மண்டபத்தின் பின்னறையில் இருந்து படிவம் நிரப்பிக் கொடுக்கத் தொடங்கிப் பன்னிரண்டு வருடங்களுக்கு மேலாகிறது. முன் மண்டபத்தில் பிள்ளைகளின் சங்கீத வகுப்பு. பின்னறையில் நாங்கள் மூன்று பேர், ஒரு பழைய பிரிண்டர், ஒரு கேத்தில். வருபவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள், கடிதம் வரும், கடிதத்தைக் கொண்டு இவர்கள் எங்களிடம் வருவார்கள்.

போன மாரியில் ஓர் அக்கா வந்தார். எழுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை, கவுன்சில் வீட்டில் இருக்கிறார். கொண்டுவந்த கடிதம் பதினொரு கிழமை பழையது. சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்ததாகச் சொன்னார். அதில் திருநீற்று வாசம் இருந்தது. கவுன்சில் அவருடைய ஹவுசிங் பெனிபிற்றில் கிழமைக்குக் கிழமை பெரிய தொகையைக் கழிக்கத் தொடங்கியிருந்தது. மகன் மணமுறிவுக்குப் பிறகு தாயிடம் திரும்பி வந்திருந்தான். வீட்டில் சம்பாதிக்கும் வளர்ந்த பிள்ளை இருந்தால் அவன் பங்காக ஒரு தொகையைக் கழிப்பார்கள். அவனுடைய சம்பளச் சீட்டைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள், இவர் அனுப்பவில்லை, ஆகவே இருக்கிற கழிவுகளில் ஆகப் பெரியதைப் போட்டுவிட்டார்கள். மகன் வேலை செய்வது கிழமைக்குப் பதினைந்து மணித்தியாலம். பதினாறு மணித்தியாலத்துக்குக் குறைந்தால் ஆகச் சிறிய கழிவுதான். ஒரு சம்பளச் சீட்டும் ஒரு கடிதமும் போனால் தீரக்கூடிய விடயம். ஆனால் அதற்குள் வாடகை நிலுவை ஏறி, வீட்டுப் பகுதியிலிருந்து வேறொரு கடிதமும் வந்துவிட்டது.

“திரும்பப் பார்க்கச் சொல்லி எழுதுவம் அக்கா” என்றேன்.

“உதை விடுங்கோ தம்பி. தாறதைத் தரட்டும். தந்தவையோட போய் நியாயம் பிளக்கிறதே? பிச்சைச் சம்பளந்தானே உது.”

பிச்சைச் சம்பளம். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருந்த ஒரு கிழவிக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுத்த சிறு தொகைக்கு ஊரில் அதுதான் பெயர். கிராம சேவகர் சிபாரிசு செய்ய வேண்டும். சிபாரிசு செய்யாவிட்டால் அடுத்து யாரிடம் போவது என்று அந்தக் கிழவிக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பிச்சையையும் சம்பளத்தையும் ஒன்றாகக் கட்டிய அந்தச் சொல்லில் ஒரு நூற்றாண்டுக் குழப்பம் இருக்கிறது. சம்பளம் என்றால் குறைந்தால் கேட்கலாம். பிச்சை என்றால் குறைந்தாலும் கும்பிட வேண்டும்.

அந்தக் கிழவிக்குக் கிடைத்த காசுக்கும் ஈஸ்ட்ஹாம் அக்காவின் கடிதத்துக்கும் ஒரு பொது மூதாதை உண்டு. இலங்கையில் 1939இல் ஏழைகள் சட்டம் ஒன்று வந்தது. கொழும்பு, கண்டி, காலி ஆகிய மூன்று மாநகர சபைகளில் அது நடைமுறைக்கு வந்தது. ஏழைகளைப் பார்க்கும் பொறுப்பு அந்தந்த ஊர்ச் சபைக்கு என்ற எண்ணம் இங்கிலாந்தில் பிறந்தது. அங்கே அதன் வயது நானூறுக்கு மேல்.

1601ஆம் ஆண்டின் எலிசபெத் காலச் சட்டம் ஒவ்வொரு பங்கும் தன் ஏழைகளைத் தானே பார்க்க வேண்டும் என்றது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்கள் ‘பங்கு’ என்று சொல்கிறார்களே, அதேதான்: ஒரு தேவாலயத்தைச் சுற்றிய ஊர். ஊரில் நிலபுலம் உள்ளவர்களிடம் வரி வாங்கி, அதை இல்லாதவர்களுக்குக் கொடுக்க மேற்பார்வையாளர்களை நியமித்தார்கள். அவர்கள் அதே ஊர்க்காரர்கள். வரி கட்டுகிறவர்களும் அவர்களே, கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர்களும் அவர்களே. 1697இல் இன்னொரு சட்டம் வந்தது. உதவி வாங்குகிறவர்கள் வலது தோளில் ‘பி’ என்ற எழுத்தைச் சிவப்புத் துணியிலோ நீலத் துணியிலோ தைத்து அணிய வேண்டும். ஏழை என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து அது. கூடவே ஊரின் முதல் எழுத்தும். அந்த விதி சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது 1810இல்தான். அக்கா சுவாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்த கடிதத்தில் எந்த எழுத்தும் தைக்கப்பட்டிருக்கவில்லை. ஆனால் அவர் அதை ஒளித்தார்.

இல்லை என்று சொன்னால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு அந்தக் காலத்திலேயே ஒரு பதில் இருந்தது என்பதை நான் மிகவும் பிந்தித்தான் அறிந்தேன். மேற்பார்வையாளர் மறுத்தால் சமாதான நீதவானிடம் போகலாம். எங்கள் ஊரில் ஜே.பி. என்றால் நற்சான்றிதழில் கையெழுத்து வைக்கும் ஆள். அன்றைய இங்கிலாந்தில் அவருக்கு ஊருக்குக் கட்டளை போடும் அதிகாரம் இருந்தது. அந்த அதிகாரத்தை ஊர்க்காரர்கள் விரும்பவில்லை. ஆகவே 1723இல் ஒரு சட்டம் அதற்கு ஒழுங்கு வகுத்தது. ஏழை முதலில் ஊர்ச் சபையிடமோ மேற்பார்வையாளர் இருவரிடமோ கேட்டிருக்க வேண்டும். அவர்கள் மறுத்திருக்க வேண்டும். அதைச் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். பிறகு நீதவான் மேற்பார்வையாளரை அழைத்து, ஏன் கொடுக்கவில்லை என்று காரணம் கேட்பார். அதன்பின்தான் கட்டளை.

முதலில் மறுத்தவரிடமே திரும்பக் கேள், பிறகு வெளியே போ. இன்று கவுன்சில் கடிதங்களின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதும் ஏறக்குறைய இதே வரிசைதான். முந்நூறு வருடம் பழைய வழி. அதில் என்னைக் கவர்ந்தது நடுவில் இருக்கும் அந்தப் படி. காரணம் சொல்லும் பொறுப்பு மறுத்தவர் தலையில் விழுகிறது. கேட்கப் போனவர் தன் ஏழ்மையை மட்டும் காட்டினால் போதாது என்ற நிலைமை மாறி, கொடுக்காதவரும் வாயைத் திறக்க வேண்டி வருகிறது.

அப்படிக் கேட்டவர்களின் குரல் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. எசெக்ஸ் மாவட்ட ஊர்களுக்கு ஏழைகள் எழுதிய கடிதங்களைத் தோமஸ் சொக்கொல் என்ற வரலாற்றாசிரியர் தொகுத்து 2001இல் நூலாக வெளியிட்டார். 1731 முதல் 1837 வரையான கடிதங்கள். நான் அதை வாங்கியது, ஈஸ்ட்ஹாமும் ஒரு காலத்தில் எசெக்ஸ்தானே என்ற ஆசையில். படித்தபோது வேறொன்று பிடித்துக்கொண்டது. எழுதியவர்களில் பலர் ஊரில் இல்லாதவர்கள். பிழைப்புத் தேடி இலண்டனுக்கும் வேறு ஊர்களுக்கும் போனவர்கள். 1662ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டப்படி அவர்களைப் பார்க்கும் கடமை சொந்த ஊருக்கே. போன ஊர் அவர்களைத் திருப்பி அனுப்பலாம். ஆகவே இருக்கிற இடத்திலிருந்து விட்டுவந்த ஊருக்கு எழுதினார்கள். காது கேட்டபடி எழுத்துக்கூட்டி எழுதினார்கள். நோய், பிள்ளைகள், வேலை நின்றது, வாடகை. பதில் வராவிட்டால் மறுபடி. பணிவாகத் தொடங்கும் கடிதத்தின் நடுவில் மெல்ல ஒரு கணக்கு வரும்: நீங்கள் இந்தச் சிறு தொகையை அனுப்பாவிட்டால் நான் குடும்பத்தோடு ஊருக்கு வரவேண்டியிருக்கும், அப்போது உங்களுக்குச் செலவு கூடும். இதைப் படித்து நான் தனியே இருந்து சிரித்தேன். தன் நிலைமையையும் எதிராளியின் நிலைமையையும் சேர்த்து நிறுத்துப் பார்த்த ஒருவரின் கடிதம் அது. கெஞ்சல் என்று அதைச் சொல்ல முடியாது.

1834இல் அந்தக் கதவைப் பெரும்பாலும் சாத்தினார்கள். ஊர்கள் ஒன்றியங்களாகச் சேர்க்கப்பட்டன. பாதுகாவலர் சபைகள் வந்தன. நீதவான்கள் தனியாகக் கட்டளை போடும் அதிகாரம் சில விலக்குகள் தவிர நீங்கியது. உடல் வலு உள்ளவனுக்கு வீட்டில் வைத்து உதவி இல்லை, வேர்க்ஹவுஸ் என்ற விடுதிக்குள் வா என்பதே கொள்கை. ஆங்கில நாவல்களில் நாம் எல்லோரும் படித்த பகுதி என்பதால் அதை நான் நீட்டவில்லை.

பொப்லரை மட்டும் தாண்டிப் போக மனமில்லை. கிழக்கு இலண்டனில் துறைமுகத் தொழிலாளர் நிறைந்த பகுதி. 1921இல் வேலையில்லாதோர் பெருகினார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் காசு அந்தப் பகுதியின் வரியிலிருந்தே வரவேண்டும். ஏழைகள் அதிகம் உள்ள இடத்தில் செலவு அதிகம், வரி கட்டக்கூடியவர்கள் குறைவு. பணக்காரர் வாழும் மேற்கு இலண்டனில் நேர்மாறு. ஜோர்ஜ் லான்ஸ்பரி தலைமையிலான கவுன்சில், இலண்டன் மாவட்ட சபைக்கும் பொலிசுக்கும் மற்றப் பொது அமைப்புகளுக்கும் வசூலித்துக் கொடுக்க வேண்டிய பங்கைக் கொடுக்க மறுத்தது. முப்பது கவுன்சிலர்கள் சிறைக்குப் போனார்கள், ஐந்து பெண்கள் உட்பட. ஆண்கள் பிரிக்ஸ்ரன் சிறையில், பெண்கள் ஹொலொவேயில். சிறைக்குள்ளேயே கவுன்சில் கூட்டமும் நடந்தது. ஆறு கிழமை அளவில் விட்டுவிட்டார்கள். அதே ஆண்டில் வந்த சட்டம் ஏழைகள் செலவை இலண்டன் முழுவதற்கும் பகிர்ந்தது. லான்ஸ்பரியின் மருமகள் மினி லான்ஸ்பரி வெளியே வந்து சில மாதங்களில், 1922 ஜனவரி 1ஆம் திகதி, நிமோனியாவால் இறந்தார். வயது 32. போ வீதியில் அவர் பெயரில் ஒரு மணிக்கூடு இன்னும் இருக்கிறது. அந்த வழியால் போகும் பஸ்ஸில் நம் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

1948இல் பழைய ஏழைகள் சட்டம் முடிந்தது என்று புதிய சட்டம் தன் முதல் பிரிவிலேயே அறிவித்தது. காசு கொடுக்கும் வேலை மத்திய அரசுக்குப் போனது. கவுன்சில்களிடம் முதியோர் இல்லம் போன்றவை எஞ்சின. ஆனால் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வாடகை உதவி ஹவுசிங் பெனிபிற் என்ற பெயரில் கவுன்சில்களிடம் திரும்பி வந்தது. கவுன்சில் மறுத்தால்? மீளாய்வுச் சபை. அந்தச் சபையில் இருந்தவர்கள் அதே கவுன்சிலின் கவுன்சிலர்கள்.

அந்த மேசைக்கு எதிரே நான் இருந்திருக்கிறேன். 1994. வந்து மூன்று வருடம். அந்தக் காலத்தில் பெனிபிற் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குத்தான். முடிந்ததும் புதிதாகப் படிவம் போட வேண்டும். நான் அறை மாறியிருந்தேன், படிவம் பழைய அறைக்குப் போயிருந்தது, அந்த வீட்டுக்காரர் அதை வாசலில் குவிந்த விளம்பரத் தாள்களோடு எறிந்துவிட்டார். நான்கு மாத வாடகை. பிந்தியதற்கு ‘நல்ல காரணம்’ இருந்தால் பின்திகதியிட்டுக் கொடுக்கலாம் என்பது விதி. கவுன்சில் எழுத்தர் இல்லை என்றார். எழுதிக் கேட்டேன், இல்லை என்றார்கள். சபைக்குப் போனேன். நகர மண்டபத்தில் உயரமான கூரையுள்ள அறை, மூன்று கவுன்சிலர்கள். அன்பாகத்தான் பேசினார்கள். ஒருவர் எனக்குத் தேநீர் வேண்டுமா என்று கேட்டார். இன்னொருவர், நீங்கள் ஏன் கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை என்று கேட்டார். எனக்கு அப்போது இருந்த ஆங்கிலத்தில் தொலைபேசியில் பேசுவது எப்படி என்று அவருக்கு எப்படி விளக்குவது? அதையும் ஆங்கிலத்தில்தானே சொல்ல வேண்டும். என் காரணம் அவர்களுக்கு நல்ல காரணமாகத் தெரியவில்லை. இரண்டு வருடம் இரவு வேலை செய்து அந்த வாடகையைக் கட்டினேன். கோபம்கூட வரவில்லை. வெட்கம்தான் வந்தது. கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

2006இல்தான் அந்த அறையை நான் வேறு கண்ணால் பார்த்தேன். எத்தியோப்பியாவிலிருந்து வந்து மேற்கு இலண்டனில் குடியிருந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதே கதை: புதுப்பிக்கத் தவறியது, பின்திகதி கேட்டது, கவுன்சிலர்கள் மூவர் இருந்த சபை அவர் சொன்னதை நம்ப மறுத்தது. அவர் விடவில்லை. வழக்கு ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. நவம்பரில் வந்த தீர்ப்பு, காசு கொடுக்க வேண்டிய கவுன்சிலின் உறுப்பினர்களே அந்தப் பெண் சொல்வது உண்மையா என்று தீர்மானித்தது சுயாதீனமான விசாரணை ஆகாது என்றது. அதற்கு முன்பே, 2001இல், மீளாய்வுச் சபைகளை ஒழித்து வழக்குகளைத் தீர்ப்பாயத்துக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு அந்த நான்கு மாத வாடகை திரும்பக் கிடைக்காது. ஆனாலும் அந்தச் செய்தியை வெட்டி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடம் நான் என் ஆங்கிலத்தையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நம்மவர் பலர் நேரடியாக அகப்பட்ட காலம் 1996. பெப்ரவரி 5ஆம் திகதி முதல் ஒரு விதி: விமான நிலையத்தில் இறங்கியவுடன் தஞ்சம் கேட்காமல் நாட்டுக்குள் வந்தபின் கேட்டவர்களுக்கு உதவி இல்லை, மறுக்கப்பட்டு மேன்முறையீட்டில் இருப்பவர்களுக்கும் இல்லை. ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுத்தபடி வந்த எத்தனை பேர் விமான நிலையத்தில் வாயைத் திறந்தார்கள்? ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. அங்கேதான் ஏழைகள் சட்டம் திரும்பி வந்தது. நீதிபதி சைமன் பிரவுன் 1803ஆம் ஆண்டின் ஈஸ்ட்போர்ன் வழக்கை எடுத்துக் காட்டினார். ஊரில் குடியுரிமை இல்லாத அந்நியனையும் பட்டினியால் சாகவிடக் கூடாது, எழுதப்பட்ட சட்டங்களுக்கு முந்திய மனிதாபிமானச் சட்டம் ஒன்று உண்டு என்று எலன்பரோ பிரபு அதில் சொல்லியிருந்தார். கடலோர ஊர் ஒன்றின் வரிக்காசைப் பற்றிய வழக்கு, 193 வருடம் கழித்து நமக்காகப் பேசியது.

பாராளுமன்றம் அடுத்த மாதமே புதுச் சட்டம் போட்டு அந்த உதவியைத் திரும்ப எடுத்தது. ஒக்ரோபரில் இன்னொரு தீர்ப்பு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, முதுமை, நோய், இயலாமை ஆகியவற்றோடு ‘வேறு ஏதேனும் சூழ்நிலை’ என்றும் சேர்த்திருந்தது. உணவும் உறைவிடமும் இல்லாத தஞ்சக்காரரை அந்தச் சொற்கள் உள்ளடக்கும், கவுன்சில் பார்க்க வேண்டும் என்றார்கள். 1997 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. காசாகக் கொடுக்க அந்தப் பிரிவில் இடமில்லை என்பதால் கவுன்சில்கள் விடுதியும் உணவும் வவுச்சரும் கொடுத்தன. என் நண்பன் ஒருவனிடம் சுப்பர்மாக்கற் வவுச்சர் இருந்தது. பஸ்ஸுக்குச் சில்லறை இல்லை. தமிழ்க் கடையில் அந்த வவுச்சர் செல்லாது. பாணும் பட்டரும் வாங்கி எங்கள் வீட்டுக்கு நடந்து வருவான்; நாங்கள் அதை வாங்கிக்கொண்டு அரிசியும் மிளகாய்த்தூளும் கொடுப்போம். 2000இல் மத்திய அரசு இந்தப் பொறுப்பில் பெரும்பகுதியைக் கையில் எடுத்து, ஆட்களை நாடு முழுவதும் பிரித்து அனுப்பியது.

பிறகு 2013 ஏப்ரல். இங்கிலாந்தில் கவுன்சில் வரிக்கான தேசிய உதவியை ஒழித்து, ஒவ்வொரு கவுன்சிலும் தானே ஒரு திட்டம் செய்துகொள்ளட்டும் என்று விட்டார்கள். பத்து வீதம் குறைந்த காசோடு. ஓய்வூதிய வயதினருக்குப் பாதுகாப்பு இருந்தது. மற்றவர்களின் பங்கு ஊருக்கு ஊர் வேறுபட்டது. அதே மாதத்தில் அவசரகாலக் கடன்கள் கொடுத்த சமூக நிதியின் பெரும்பகுதியும் நின்று, அந்தப் பொறுப்பும் கவுன்சில்களிடம் வந்தது. பொப்லரின் கேள்வி திரும்பி வந்ததாகவே எனக்குப்பட்டது. சிறைக்குப் போக மட்டும் யாரும் இல்லை.

இன்றைய நிலைமை பின்னறையில் எப்படி இருக்கிறது என்றால், எந்தக் காசு என்பதைப் பொறுத்து இரண்டாவது கடிதத்தைப் படிப்பவர் மாறுகிறார். ஹவுசிங் பெனிபிற் என்றால் கடிதத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கவுன்சிலைத் திரும்பப் பார்க்கச் சொல்லலாம், அல்லது நேரே மேன்முறையீடு செய்யலாம். அது வெளியே உள்ள தீர்ப்பாயத்துக்குப் போகும். பிந்தினால் தகுந்த காரணத்தோடு பதின்மூன்று மாதம் வரை கேட்டுப் பார்க்கலாம். கவுன்சில் வரிக் குறைப்பு என்றால் முதலில் கவுன்சிலுக்கு எழுதி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பிறகு மதிப்பீட்டுத் தீர்ப்பாயம். கவுன்சில் தன் விருப்பப்படி கொடுக்கும் அவசர உதவிகளுக்குத் தீர்ப்பாயமே இல்லை. மறுத்த கந்தோரே திரும்பப் பார்க்கும். 1834க்குப் பிறகு நீதவானை இழந்த ஏழையின் நிலைதான் அது, படிவம் மட்டும் இணையத்தில்.

அக்காவிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. தேநீர் கொடுத்தேன். 1994இல் நான் நகர மண்டபத்துக்குப் போன கதையை மட்டும் சொன்னேன், தோற்ற கதை என்பதையும் மறைக்காமல். கேட்டுக்கொண்டிருந்தவர், “நாலு மாத வாடகையோ?” என்று வாயில் கை வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை மகனின் சம்பளச் சீட்டுகளோடு வந்தார். நான் எழுதினேன். மகன் வேலை செய்யும் மணித்தியாலம், கழிவு தவறான காரணம், பிந்தியதற்குக் காரணம்: கடிதம் புரியவில்லை, உதவிக்கு யாரும் இல்லை, மகன் அப்போது இருந்த மனநிலை. கடைசியில், முடிவை மாற்றாவிட்டால் இதை மேன்முறையீடாக எடுத்துத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவும் என்று ஒரு வரி. தமிழில் வாசித்துக் காட்டினேன்.

“உதை ஆர் வாசிப்பினம்? முந்தி இல்லையெண்ட ஆக்களோ, வேற ஆக்களோ?”

“முதல்ல அவை. அவை இல்லையெண்டால் வேற ஆக்கள்.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கணவருடைய பெயரின் முதலெழுத்தோடு தன் முழுப் பெயரையும் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, கோட்டுக்கு மேலே நேராக எழுதினார்.

“ரெண்டு பிரதி எடுங்கோ தம்பி” என்றார். “ஒண்டு என்னட்டை இருக்கட்டும்.”